பழைய மஸ்டாங்குக்கு எந்தப் பின் அச்சு: 8 இஞ்சா, 8.8 இஞ்சா, 9 இஞ்சா?

என் வண்டி 1967 ஃபோர்டு மஸ்டாங். பிறக்கும்போது 289 கன இஞ்ச் வி8 எஞ்சின், இப்போது நன்றாகக் கட்டிய ஒரு 302. அதற்குப் பின்னால் ஐந்து கியர் டி5 கியர்பாக்ஸ். எஞ்சினும் கியர்பாக்ஸும் மாறிவிட்டால் அடுத்த பலவீனமான இடம் பின் அச்சுதான். எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: வண்டியோடு வந்த 8 இஞ்ச் அச்சையே தேற்றுவது, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் வரும் 8.8 இஞ்ச் அச்சைக் கொண்டுவந்து பொருத்துவது, 9 இஞ்ச் போடுவது. நான் போட்டது 9 இஞ்ச். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சாய்வதற்கு ஒரு வலுவான காரணமும் இருக்கிறது, அதைத்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

இந்த எண்கள் அச்சின் நடுவில் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டத்தைக் குறிப்பவை. பெரிய கிரவுன் அதிக இழுவையைத் தாங்கும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

8 இஞ்சைப் பலர் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள், அது நியாயம் இல்லை. எஞ்சின் அதிகம் மாறாத, சாதாரண டயர் போட்ட, ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் வண்டிக்கு இது போதும். உள்ளே ஈட்டன் ட்ரூட்ராக் போன்ற ஒரு லிமிடெட் ஸ்லிப் யூனிட்டை (ஒரு வீல் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுப்பது) போட்டு, பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றினால் வேலை முடிந்தது. வெட்ட வேண்டாம், வெல்டிங் வேண்டாம். ஆனால் ஒட்டிப் பிடிக்கும் டயரைப் போட்டு, கிளட்சை வேகமாக விட்டுப் புறப்படும் பழக்கம் இருந்தால், 28 ஸ்ப்லைன் (முனையில் உள்ள பல்வரிகள்) ஆக்சில் ஷாஃப்ட்டும் அந்தச் சின்னக் கிரவுனும் நாள் கடத்தும், அவ்வளவுதான்.

சரி, 8.8. கையைக் கடிக்காமல் வலிமை வேண்டும் என்பவர்கள் எல்லோரும் போய் நிற்கும் இடம் இது. 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரின் பின் அச்சில் டிஸ்க் பிரேக் உண்டு, ஆக்சில் ஷாஃப்ட் 31 ஸ்ப்லைன், வீல் போல்ட் அமைப்பு மஸ்டாங்கில் உள்ள அதே ஐந்து போல்ட், நாலரை இஞ்ச் வட்டம். பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் சில நூறு டாலருக்குக் கிடைத்துவிடும். அச்சில் தொங்கும் தகட்டில் ‘3எல்73’ என்று இருந்தால் 3.73 ரேஷியோ (வீல் ஒரு சுற்றுச் சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்), நடுவில் உள்ள எழுத்து லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர் என்றால் குழாய்களையும் பிரேக் தகடுகளையும் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் அந்தச் சில நூறு டாலரோடு கணக்கு முடிவதில்லை. எக்ஸ்ப்ளோரர் அச்சில் பினியன், அதாவது கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம், நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். 1965, 66 வண்டிகளுக்கு அச்சு குறுகலாக வேண்டும் என்பதால், நீளமான பக்கத்துக் குழாயை வெட்டி, அங்கேயும் குட்டைப் பக்கத்து ஆக்சில் ஷாஃப்ட்டையே போட்டு இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிடுவார்கள். 67 முதல் 70 வரையான வண்டிகளுக்கு அகலம் ஏறக்குறைய ஒத்துப்போகும். வெட்டாமலே போடலாம், பினியன் தள்ளியிருப்பதைச் சகித்துக்கொள்ள வேண்டும். எப்படிப் போட்டாலும் கமான் பட்டைகள் உட்காரும் பழைய தாங்கிகளை அறுத்தெடுத்து, பினியன் கோணம் பார்த்துப் புதியவற்றை வெல்டு செய்ய வேண்டும். குழாய்கள் நடு வார்ப்புக்குள் அழுத்திச் செருகப்பட்டவை. அதிக இழுவையில் அவை திரும்பிவிடாமல் இருக்க அங்கேயும் வெல்டு வைப்பார்கள். வார்ப்பிரும்பில் வெல்டு வைக்கத் தெரிந்த கை வேண்டும். அப்புறம் ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட் முனைக்கு மாற்று ஜாயிண்ட் என்று ஒவ்வொன்றாக வரும். வெல்டிங் மெஷினும் அனுபவமும் கைவசம் இருப்பவருக்கு இது அருமையான பேரம். மற்றவர்களுக்குக் கூலி ஏறிக்கொண்டே போகும்.

இதெல்லாம் ஒரு தடவைச் செலவு. என் முடிவைத் தீர்மானித்தது, பொருத்திய பிறகு அந்த அச்சோடு வாழ்வது எப்படி இருக்கும் என்ற கேள்விதான்.

8.8இல் கிரவுனும் பினியனும் உட்காரும் கூடு அச்சின் உடம்போடு சேர்ந்தது. பின்மூடியின் பத்து போல்ட்டுகளைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஆக்சில் ஷாஃப்ட்டை வெளியே எடுக்கவே, உள்ளே இருக்கும் குறுக்குப் பின்னை உருவி, ஷாஃப்ட்டை உள்பக்கம் தள்ளி, ‘சி’ வடிவக் கிளிப்பைக் கழற்ற வேண்டும். அந்தப் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட் உள்ளேயே முறிந்துபோவது பலர் படும் பாடு. ரேஷியோ மாற்ற வேண்டுமா? பினியன் ஆழத்துக்கான ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) பினியன் பேரிங்குக்கு அடியில் இருக்கிறது. ஷிம்மை மாற்ற ஒவ்வொரு முறையும் பேரிங்கை பிரஸ்ஸில் வைத்து எடுக்க வேண்டும். பேக்லாஷ் (இரண்டு சக்கரங்களின் பற்களுக்கு நடுவே உள்ள ஆட்டம்) சரிசெய்வதும் இரு பக்கமும் ஷிம் தட்டி ஏற்றித்தான். அச்சைக் கழற்றாமல் செய்தால் எல்லாமே வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து.

9 இஞ்சில் கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கூட்டில் இருக்கும். அந்தக் கூடு ஹவுசிங்கின் முன்பக்கம் பத்து நட்டுகளில் நிற்கிறது. வீலுக்குப் பக்கத்தில், ஆக்சில் தட்டில் இருக்கும் ஓட்டை வழியாக பாக்ஸ் ஸ்பானரை விட்டு நான்கு நட்டுகளைக் கழற்றினால் ஷாஃப்ட் வெளியே வந்துவிடும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டை இறக்கி, பத்து நட்டுகளையும் எடுத்தால் மொத்தக் கூடும் கைக்கு வரும். கையில் என்றால் ஜாக் வைத்துத்தான், நல்ல கனம். (அடியில் உள்ள இரண்டு நட்டுகளில் பாக்ஸ் ஸ்பானர் நேராக ஏறாது, ரிங் ஸ்பானர்தான் போட வேண்டும். பழைய அச்சு வாங்கும்போது 8 இஞ்சா, 9 இஞ்சா என்று கண்டுபிடிக்கவும் இதுவே அடையாளம். 8 இஞ்சில் பத்திலும் ஏறும்.)

அப்புறம் வேலை மேஜைமேல். பற்கள் எங்கே தொடுகின்றன என்று பார்க்கப் பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றினோம். முதல் சுற்றில் தேய்ந்த தடம் கிரவுன் பல்லின் அடிவாரத்தை ஒட்டி விழுந்தது. பினியன் அளவுக்கு மீறி உள்ளே நிற்கிறது என்று அர்த்தம். பினியன் சப்போர்ட்டின் ஐந்து போல்ட்டுகளைக் கழற்றி, அதற்கும் கூட்டுக்கும் நடுவில் இருந்த ஷிம்முக்குப் பதில் தடிமனான ஷிம்மை வைத்து மூடினோம். பேரிங்கைத் தொடவே இல்லை. பேக்லாஷுக்கு இரு பக்கமும் மரை போட்ட பெரிய நட்டு இருக்கிறது. ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கினால் டயல் கேஜில் முள் நகர்வது கண்ணெதிரே தெரியும். அடுத்த தடவை பேஸ்ட் தடவியபோது தடம் பல்லின் நடுவில், சீரான நீள்வட்டமாக விழுந்தது. இதே வேலையை 8.8இல் அனுபவசாலிகள் அழகாகச் செய்கிறார்கள், மறுக்கவில்லை. வீட்டு கராஜில் செய்பவனுக்கு 9 இஞ்ச் தரும் நிம்மதி வேறு. நீண்ட பயணத்துக்கு ஒரு ரேஷியோ, டிராக் நாளுக்கு ஒரு ரேஷியோ என்று இரண்டு கூடுகளைத் தயாராக வைத்து மாற்றி மாற்றி ஓட்டுபவர்களும் உண்டு.

இன்னொன்று பாதுகாப்பு. ‘சி’ கிளிப் அச்சில் ஷாஃப்ட் உடைந்தால் வீலோடு வெளியே நழுவ வாய்ப்பு இருக்கிறது. டிஸ்க் காலிப்பர் ஓரளவு தடுக்கும், அதை நம்பி இருக்க முடியாது. 9 இஞ்சில் ஷாஃப்ட்டை வெளி முனையில் பேரிங்கும் தகடும் பிடித்திருக்கின்றன.

9 இஞ்சுக்கு எதிரான வாதங்களிலும் உண்மை இருக்கிறது. இதில் பினியன் கிரவுனின் மையத்தைவிட நன்றாகக் கீழே உட்கார்ந்திருக்கும். அதனால் பல் அதிகம் வழுக்கி உரசும், சூடும் சக்தி இழப்பும் 8.8ஐவிடக் கூடுதல். பினியனின் நுனியைக் கூடுதலாக ஒரு பேரிங் தாங்குவதால் வலிமை வருகிறது. இழப்பு அதற்குக் கொடுக்கும் விலை. சாலையில் ஓட்டும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டைமிங் பார்த்து ஓட்டும் பந்தயக்காரருக்குத் தெரியலாம், எனக்கு அந்த அனுபவம் குறைவு. எடையும் கூடுதல். விலைதான் பெரிய விஷயம்: கரி, மோசர், ஸ்ட்ரேஞ்ச் போன்ற நிறுவனங்களிடம் புதிதாக, பிரேக்கோடு வாங்கினால் சில ஆயிரம் டாலர். ஃபோர்டு 1957இல் கொண்டுவந்த இந்த அச்சு 1986வரை தொழிற்சாலையில் இருந்தது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் கப் தொடர் வண்டிகளில் இந்த வடிவமைப்பு 2021வரை ஓடியது. அதனால் எந்த உதிரிபாகமும் கிடைக்காமல் போகும் கவலை இல்லை.

விற்கும் நாளை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 67இல் 390 எஞ்சின் வண்டிகளும், 289இன் ஹை பெர்ஃபார்மன்ஸ் வகையும் தொழிற்சாலையிலேயே 9 இஞ்சோடு வந்தவை. அதனால் வாங்க வருபவர் கண்ணுக்கு இது ஒட்டாத பாகமாகத் தெரியாது. உங்கள் வண்டியோடு பிறந்த 8 இஞ்சை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எண்ணெய் தடவி மூலையில் வையுங்கள்.

உள்ளே என்ன போடுவது? நான் ட்ரூட்ராக் போட்டேன். முழுக்கப் பல்சக்கரம், தேயும் கிளட்ச் தட்டுகள் இல்லை, ஆயிலில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் கலக்கத் தேவையில்லை, வளைவில் சத்தமும் இல்லை. இரண்டு வீல்களையும் ஒன்றாகப் பூட்டும் டெட்ராய்ட் லாக்கரை நண்பர் வண்டியில் உட்கார்ந்து போனபோது பார்த்ததுதான். திருப்பத்தில் ‘டக்’ என்று விட்டுப் பிடித்தது. ஓட்டிப் பார்க்காததால் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ரேஷியோ 3.50. டி5இன் ஐந்தாவது கியர் 0.68, டயர் உயரம் 26 இஞ்ச் என்று வைத்தால் 65 மைல் வேகத்தில் எஞ்சின் 2,000 ஆர்பிஎம் பக்கம் சுற்றும். பழைய 3.00 ரேஷியோ இருந்தால் 1,700தான். ஐந்தாவது கியரில் எஞ்சின் முக்கும். ஆசைப்பட்டு 4.11 போட்டால் முதல் கியர் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். நாலு கியர் டாப்லோடர் பெட்டியோடு 4.11 என்றால் அதே 65இல் 3,450. காது வலிக்கும்.

எதைப் போட்டாலும், புதுப் பல்லை முதல் நாளே விரட்டாதீர்கள். பதினைந்து மைல் மெதுவாக ஓட்டி, அச்சு முழுக்க ஆறும்வரை நிறுத்துங்கள். அதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். 500 மைலில் ஆயிலை இறக்குங்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒட்டியிருந்தால் கவலை இல்லை. செதிலாக வந்தால் கூட்டைத் திரும்ப மேஜைக்கு எடுங்கள்.