டெக்சாஸ் கிராமத்துக் கவுண்டிகளில் கோர்ட் ரெக்கார்டு தேடிய ஏழு வருஷம்

2018-ல் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து கொஞ்சம் நிலம் வாங்கக் கிளம்பினோம். டாலஸிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம். 22 ஏக்கர், ஒரு குட்டை, பாதி சாய்ந்த கொட்டகை. விற்பவர் நல்ல மனிதர். அவருடைய தாத்தா உயில் எழுதாமல் இறந்துபோனதும், எண்பதுகளில் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடந்ததும் பேச்சுவாக்கில் வெளியே வந்தன. அந்தத் தீர்ப்பைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டேன் என்று நான் முரண்டு பிடித்தேன். அன்று ஆரம்பித்த பழக்கம், நண்பர்களுக்காக, அவர்களுடைய நண்பர்களுக்காக என்று இன்னும் விடவில்லை. ஐந்தாறு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட் ஹவுஸ்களின் படி ஏறிவிட்டேன். நான் வக்கீல் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரையும் போல லேப்டாப்பைத் திறந்துதான் தேடினோம். கவுண்டியின் தளத்தில் கோர்ட் ஹவுஸ் படம் ஒன்று, போன் நம்பர் ஒன்று, விடுமுறைப் பட்டியல் ஒன்று, அவ்வளவுதான். மாநிலம் முழுவதற்குமான வழக்குத் தேடல் தளமான ரீசர்ச்டெக்ஸில் கணக்குத் தொடங்கி, குடும்பப் பெயரைப் போட்டுப் பார்த்தோம். நண்பன் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். "அண்ணே, எல்லாத்தையும் பாத்துட்டேன், ஒண்ணும் வரல. அப்படி ஒரு கேஸே நடக்கல போல."

இரண்டு நாள் நானும் அதை நம்பினேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. டெக்சாஸில் சிவில் வழக்குகளை மின்வழியில் தாக்கல் செய்வது ஒரே நாளில் கட்டாயமாகவில்லை. ஐந்து லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டிகளில் 2014 ஜனவரியில் ஆரம்பித்து, மக்கள்தொகை வரிசையில் படிப்படியாக இறங்கி, 20,000 பேருக்குக் கீழ் உள்ள கவுண்டிகளுக்கு 2016 ஜூலை 1-ல்தான் வந்தது. நாங்கள் தேடியதோ எண்பதுகளின் வழக்கு. அதன் காகிதம் ஒரு அறையில் கிடக்கிறது. யாராவது உட்கார்ந்து ஸ்கேன் செய்தால்தான் திரையில் வரும். வழக்கு நடக்கவில்லை என்பதும் திரையில் வரவில்லை என்பதும் வேறு வேறு. இந்த ஏழு வருஷத்தில் நான் அடுத்தவர்களுக்குச் சொன்னதில் முக்கால்வாசி இதுதான்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. கிளார்க் என்றதும் நம் ஊர்க் குமாஸ்தா ஞாபகம் வரும். இங்கே அவர் நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டு வாங்கி ஜெயித்து வருபவர். கவுண்டி கிளார்க்கிடம் பத்திரங்கள், உயில் மற்றும் வாரிசு வழக்குகள் இருக்கும். டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் விவாகரத்து, பெரிய சிவில் வழக்குகள், பெரிய குற்ற வழக்குகள். 8,000 பேருக்குக் கீழ் உள்ள கவுண்டிகளில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்க்கலாம். மாநிலத்தில் மொத்தம் 254 கவுண்டிகள். அதில் லவ்விங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி இருந்தவர்கள் 64 பேர். எங்கள் தெருவில் அதைவிட அதிகம்.

இந்த இரண்டு கிளார்க்குகளிடமும் இல்லாத ஒன்று உண்டு. 20,000 டாலர் வரையிலான சின்னத் தகராறுகளும் வாடகை வெளியேற்ற வழக்குகளும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டில் நடக்கும். அந்தக் கோப்புகள் அந்தந்த நீதிபதியின் அலுவலகத்தில்தான் இருக்கும். சில இடங்களில் அது கோர்ட் ஹவுஸிலேயே இருக்காது, பத்து மைல் தள்ளித் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கட்டடமாக இருக்கும்.

சரி, முதல் பயணம். 11.50-க்குப் போய்ச் சேர்ந்தேன். 12 முதல் 1 வரை சாப்பாட்டு நேரம், பூட்டிவிட்டார்கள். போனில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு மணிக்குத் திறந்ததும், கவுன்டரில் இருந்த அம்மா பின்பக்கம் இரும்புக் கதவு போட்ட அறைக்குக் கூட்டிப்போனார். இடுப்பு உயரத்துக்கு இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு தட்டிலும் உருளைகள், அதன்மேல் படுக்க வைத்த புத்தகங்கள். ஒன்றை இழுத்தால் கடகடவென்று வெளியே வருகிறது. தூக்கி மேலே சாய்வுப் பலகையில் வைக்க இரண்டு கையும் வேண்டும். துணி அட்டை, மூலைகளில் தோல், உள்ளே டைப் அடித்த வரிகள், ஓரத்தில் யாரோ பென்சிலால் திருத்திய எழுத்துகள்.

நம் ஊர் வில்லங்கச் சான்றில் சர்வே நம்பரைக் கொடுத்தால் போதும், நிலத்தின் கதை வந்துவிடும். இந்தப் புத்தகங்களுக்கு நிலம் தெரியாது, பெயர்தான் தெரியும். வாதி பெயர் வரிசையில் ஒரு இன்டெக்ஸ், பிரதிவாதி பெயர் வரிசையில் இன்னொன்று. விற்பவரின் அப்பா பெயரை இரண்டிலும் தேடினேன். இல்லை. தாத்தா பெயர், சித்தப்பா பெயர், எழுத்து மாற்றிய பெயர், எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் போனது.

அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் யாரும் இல்லையா? எங்கே கட்டிக்கொடுத்தார்கள்?"

வெளியே வந்து விற்பவருக்குப் போன் போட்டேன். இரண்டு அத்தைகள், இரண்டு பேருக்கும் கல்யாணத்துக்குப் பிறகு வேறு குடும்பப் பெயர். மூத்தவர் வழக்குப் போட்டிருக்கிறார். பிரதிவாதிகளில் முதல் பெயர் இளையவருடையது. மற்ற அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் அந்தப் பெயருக்குப் பின்னால் 'எட் ஆல்' என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். லத்தீனில் 'மற்றும் பலர்'. பழைய பத்திர இன்டெக்ஸில் 'எட் யூக்ஸ்' என்று இன்னொன்று வரும், 'மற்றும் மனைவி' என்று பொருள். மனைவிக்குப் பெயர்கூட இல்லை. தாத்தாவின் குடும்பப் பெயர் இன்டெக்ஸில் எங்குமே வராத காரணம் இதுதான். வீட்டுப் பெண்களின் புகுந்த வீட்டுப் பெயர்களைக் கேட்காமல் இப்போதெல்லாம் நான் காரை எடுப்பதே இல்லை.

1984-ல் போட்ட வழக்கு. காஸ் நம்பர் கிடைத்ததும் (வழக்கு எண்ணுக்கு இங்கே அதுதான் பெயர், காசு நம்பர் என்று எனக்குக் கேட்கும்) ஐந்தே நிமிடத்தில் கோப்பு கைக்கு வந்துவிட்டது. தீர்ப்பு ஒன்பது பக்கம். பக்கத்துக்கு ஒரு டாலர், முத்திரை வைத்த நகல் என்பதால் மேலே ஐந்து, ஆக 14 டாலர். ஏழாவது பக்கத்தில் இருந்தது விஷயம்: மூத்த அத்தையின் பங்குக்குப் போக எங்கள் 22 ஏக்கரின் கிழக்கு ஓரமாக வண்டிப்பாதை உரிமை. நகலை, நில உரிமைக்குக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனியிடம் கொடுத்தோம். காப்பீட்டில் எதெல்லாம் சேராது என்று சொல்லும் ஷெட்யூல் பி-யில் அதைச் சேர்த்தார்கள். விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேசி வாங்கினோம். இன்றும் அந்த அத்தையின் பேரன் மாட்டு டிரெய்லரை அந்த வழியாகத்தான் ஓட்டிப் போகிறார், கேட்டை ஒழுங்காக மூடிவிட்டு.

தகவல் உரிமைச் சட்ட மனுக்கள் எழுதியே பழகிய நண்பர் ஒருவர், இங்கேயும் அப்படி ஒரு கடிதம் போடலாமே என்றார். டெக்சாஸ் தகவல் சட்டம் நீதித்துறைக்குப் பொருந்தாது. மத்திய அரசின் தகவல் சட்டமும் நீதிமன்றங்களைத் தொடாது. நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுமக்களுக்குள்ள உரிமை, பழைய பொதுச்சட்ட மரபிலிருந்து வருவது. முன்னாள் அதிபர் நிக்சனின் ஒலிநாடாக்கள் பற்றிய 1978 வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு, நாடாக்களைக் கொடுக்க மட்டும் மறுத்துவிட்டது. நடைமுறையில் கடிதமும் சட்டப்பிரிவும் தேவைப்பட்டதே இல்லை. கவுன்டரில் வணக்கம் சொல்லி, வழக்கு எண்ணைச் சொன்னால் போதும். சிறார் வழக்கு, தத்தெடுப்பு, சீல் வைத்த கோப்பு மட்டும் எப்படிக் கேட்டாலும் வராது.

விற்பவர் திவால் மனு போட்டவரா என்று பார்க்க மட்டும் வேறு கதவு. அது மத்திய நீதிமன்றம், அதன் ஆவணங்களை ஆன்லைனில் பார்க்கப் பேசர் என்ற தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் பில்லே வராது. ஆனால் பெயர்த் தேடலுக்கு அந்த 3 டாலர் வரம்பு கிடையாது. பொதுவான பெயரைப் போட்டுப் பக்கம் பக்கமாக முடிவு வந்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ரீகேப் நீட்சியைப் பிரவுசரில் போட்டுக்கொண்டால், வேறு யாராவது ஏற்கெனவே வாங்கிய ஆவணம் இலவசமாகவே கிடைத்துவிடலாம்.

'எல்லா கோர்ட் ரெக்கார்டும் ஒரே இடத்தில்' என்று மாதக் கட்டணம் வாங்கும் தளம் ஒன்றில் மூன்று மாதம் காசு கட்டினேன். பெருநகரக் கவுண்டிகளுக்குப் பரவாயில்லை. எங்கள் கவுண்டிக்கு அதில் இருந்தவை வேகமாக வண்டி ஓட்டிய அபராதங்கள் மட்டும். ரத்து செய்ய நாலு தடவை போன் செய்ய வேண்டியிருந்தது. மாறாக, ஃபேமிலிசர்ச் தளத்தில் சில கவுண்டிகளின் பழைய வாரிசு வழக்குக் கோப்புகள் படமாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. வம்சாவளி தேடுபவர்களுக்கான தளம், நிலம் வாங்குபவனுக்கும் உதவுகிறது.

இப்போது பெரும்பாலும் நான் போவதில்லை. வழக்கு எண் தெரிந்தால் போனில் பக்கக் கணக்கைக் கேட்டு, செக்கையும் தபால் தலை ஒட்டிய உறையையும் அனுப்பிவிடுவேன். போன மாதம் அப்படித்தான், 14 பக்கம் என்றார்கள், 14 டாலருக்குச் செக் எழுதினேன். உறை திரும்பி வந்தபோது உள்ளே 15 பக்கங்கள் இருந்தன. முதல் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு, பேனாவால் எழுதியிருந்தது: தப்பாக எண்ணிவிட்டேன், அடுத்த முறை வரும்போது ஒரு டாலர் தந்தால் போதும்.