ஜப்லா ஒன்று, லேபிள் இரண்டு

அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஜப்லா வாங்கலாம் என்று வேலூர் லாங் பஜார் பக்கம் போனேன். ஒன்றில் ‘ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100’ லேபிள், இன்னொன்றில் ‘கோட்ஸ்’ (GOTS, இயற்கை வேளாண்மை இழைத் துணிக்கான உலகத் தரச் சான்று). “ரெண்டும் ஆர்கானிக்தான் சார்” என்றார் கடைக்காரர். அப்படி இல்லை.

ஓக்கோ-டெக்ஸ் 1992-இல் வந்தது. துணியில் நச்சு ரசாயனம் தங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். நூல், பட்டன், பிரிண்ட் எல்லாம் சோதனைக்குப் போகும். குழந்தைத் துணிக்குத்தான் கெடுபிடி அதிகம். ஆனால் பாலியெஸ்டருக்கும் இந்த லேபிள் கிடைக்கும். பருத்திக்கு என்ன மருந்து அடித்தார்கள், தைத்தவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று அது கேட்காது.

கோட்ஸ் கேட்கும். ‘ஆர்கானிக்’ என்று போட 95 சதவீதம் இயற்கை வேளாண்மை இழை வேண்டும். ‘ஆர்கானிக் கலந்தது’ என்றால் 70 போதும். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பஞ்சு அரைவையிலிருந்து தையல் வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று தேவை. குழந்தைத் தொழிலாளர் கூடாது. சாயம் போடும் இடத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆக வேண்டும்.

எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னது நம்ம ஊர் வழக்கில்தான். ஓக்கோ-டெக்ஸ் 100 துணி குழந்தையின் தோலுக்குப் பாதுகாப்பு, சரி. அதற்குச் சாயம் போட்ட தண்ணீர் எந்த ஆற்றில் கலந்தது?

பெட்டர் காட்டன் என்ற பருத்திச் சாகுபடித் திட்டத்தின் லேபிளும் சில சட்டைகளில் இருக்கும். அது ஆர்கானிக் அல்ல. அதன் பழைய லேபிளின் ‘மாஸ் பேலன்ஸ்’ கணக்கு சொசைட்டியில் பால் ஊற்றுவது மாதிரி. ஊற்றிய அளவுக்குக் கணக்கு உண்டு, ஆனால் நம் பாக்கெட்டில் எந்த மாட்டுப் பால் என்று தெரியாது. பஞ்சும் அப்படித்தான் கலந்துவிடும். குடியாத்தம் லுங்கியில் கைத்தறி முத்திரை இருந்தால், கையால் நெய்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. சாயத்தைப் பற்றி அது பேசாது.

எந்த லேபிளானாலும் எண்ணைப் பாருங்கள். கோட்ஸில் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். கோட்ஸ் இணையதளத்திலேயே அதைத் தேடலாம். ஓக்கோ-டெக்ஸ் எண்ணையும் அப்படியே சரிபார்க்கலாம். பச்சை இலைப் படம் போட்டு ‘இயற்கை’ என்று மட்டும் அச்சடித்த ஒரு ஜப்லாவும் அங்கே இருந்தது. எண்ணே இல்லை, திருப்பி வைத்துவிட்டேன்.

கோட்ஸ் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் இரண்டு, ஓக்கோ-டெக்ஸில் நாலு வாங்கினேன். அக்கா எல்லாவற்றையும் பீரோவில் வைத்துவிட்டாள். “முதல் மாசம் அப்பாவோட பழைய வேட்டித் துணிதான்டா.”