மொராக்கோ: 3 கோடியே 68 லட்சமா, 3 கோடியே 81 லட்சமா? எந்தக் கணக்கை எதற்கு எடுப்பது

மொராக்கோவின் 2024 மக்கள்தொகையைத் தேடினால் இரண்டு எண்கள் வந்து நிற்கும். அந்நாட்டுத் திட்டமிடல் உயர் ஆணையம் 2024 செப்டம்பரில் நடத்திய கணக்கெடுப்பின்படி 3,68,28,330 பேர். ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவின் 2024 பதிப்பின்படி சுமார் 3 கோடியே 81 லட்சம். உலக வங்கி அட்டவணையில் இருப்பதும் இந்த ஐ.நா. எண்தான். இடைவெளி பன்னிரண்டரை லட்சம். தலைக்கு இவ்வளவு என்று எதை வகுத்தாலும் விடை 3.4% மாறிவிடும்.

காரணம் தேதியில் இருக்கிறது. ஐ.நா. பதிப்பு 2024 ஜூலையிலேயே வெளிவந்துவிட்டது. பழைய கணக்கெடுப்புகளை வைத்து முன்னோக்கிப் போட்ட மதிப்பீடு அது. 2004-க்கும் 2014-க்கும் இடையே ஆண்டுக்கு 1.25% ஆக இருந்த வளர்ச்சி, அடுத்த பத்தாண்டில் 0.85% ஆகச் சரிந்தது. அந்தச் சரிவை யாரும் முழுதாக எதிர்பார்க்கவில்லை. ஆணையத்தின் சொந்தக் கணிப்பே 3 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது, எனவே ஐ.நா.வை மட்டும் குறை சொல்ல முடியாது.

பலர் கவனிக்காத இன்னொன்று மேற்கு சகாரா, மொராக்கோ தன்னுடையது என்று சொல்லும் சர்ச்சைக்குரிய பகுதி. மொராக்கோ கணக்கெடுப்பில் லாயூன் வட்டாரத்தின் சுமார் 4.5 லட்சம் பேரும் தாக்லா வட்டாரத்தின் சுமார் 2.2 லட்சம் பேரும் அடக்கம். ஐ.நா. மேற்கு சகாராவைத் தனி வரியில் காட்டுகிறது. அப்படியானால் ஒரே நிலப்பரப்பை வைத்து ஒப்பிட்டால் இடைவெளி பன்னிரண்டரை லட்சத்தில் நிற்காது, பத்தொன்பது லட்சத்தை நெருங்கும். இதுவும் தோராயம்தான்: லாயூன் வட்டாரத்தில் உள்ள தர்ஃபாயா மேற்கு சகாராவின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

மக்கள்தொகை அளவுக்குக் கணக்கெடுப்பையே எடுங்கள். அல்ஜீரியா, துனிசியாவோடு ஒப்பிட வேண்டுமென்றால் எல்லா நாட்டுக்கும் ஐ.நா.வின் ஒரே பதிப்பு. இரண்டையும் கலக்கவே கூடாது. 2023-க்கு ஐ.நா. எண்ணையும் 2024-க்குக் கணக்கெடுப்பையும் போட்டு வரைபடம் வரைந்தால், ஒரே ஆண்டில் பல லட்சம் பேர் காணாமல் போனது போலத் தெரியும். இடைப்பட்ட ஆண்டு வேண்டுமா? 2014, 2024 கணக்கெடுப்புகள் இரண்டும் செப்டம்பரில் நடந்தவை, அது ஒரு வசதி. 3,38,48,242-ஐயும் 3,68,28,330-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2019 செப்டம்பருக்குச் சுமார் 3 கோடியே 53 லட்சம் கிடைக்கும்.

உண்மையான சண்டை வேலையின்மையில். கணக்கெடுப்பு 21.3% என்றது. அதே ஆணையத்தின் வேலைவாய்ப்பு மாதிரி ஆய்வோ 2024-க்கு 13.3% என்றது. ஒரே அலுவலகம், ஒரே ஆண்டு, எட்டு புள்ளி வித்தியாசம்!

யாரும் பொய் சொல்லவில்லை. கேட்கும் விதம் வேறு. கணக்கெடுப்பில் கேள்விகள் குறைவு. பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்வார்: "பையன் சும்மாதான் இருக்கான்." மாதிரி ஆய்வு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி துருவுகிறது. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் சில்லறை வேலை பார்த்திருந்தாலும் அவன் வேலையில் இருப்பவன். வேலை வேண்டும் என்று சொல்லியும் தேடவில்லை என்றால் வேலையில்லாதவர் பட்டியலில் சேராமல், உழைப்புப் படைக்கே, அதாவது வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த கூட்டத்துக்கே, வெளியே போய்விடுவான்.

வகுக்கும் எண்ணான உழைப்புப் படையும் மாறுகிறது. சொந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கும் கிராமத்துப் பெண்களைக் கணக்கெடுப்பு எளிதில் 'இல்லத்தரசி' என்று எழுதிவிடும். பெண்களின் உழைப்புப் பங்கேற்பு அதில் 16.8%, ஆய்வில் 19 சொச்சம். வேலையில்லாதோர் எண்ணிக்கை பெருத்து, வகுக்கும் எண் சிறுத்தால் விகிதம் ஏறத்தானே செய்யும்?

சர்வதேச ஒப்பீட்டுக்கும் காலாண்டு மாற்றத்துக்கும் ஆண்டுக்குச் சுமார் 90,000 குடும்பங்களைப் பார்க்கும் மாதிரி ஆய்வுதான் சரி. ஒரு குறிப்பிட்ட ஊரின் நிலை வேண்டுமானால் கணக்கெடுப்பை விட்டால் வழியில்லை, மாதிரி அந்த ஆழத்துக்கு இறங்காது. திசையில் இரண்டும் ஒத்துப்போவதையும் கவனியுங்கள்: 2014-லிருந்து 2024-க்குள் கணக்கெடுப்பில் 16.2-லிருந்து 21.3, ஆய்வில் 9.9-லிருந்து 13.3. என் பார்வையில் செய்தி இந்த ஏற்றம்தான். 21-ஐயும் 13-ஐயும் மோதவிடுவது வெறும் சத்தம்.

கருவள விகிதத்திலும், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கிலும், இதே வலை. கணக்கெடுப்பு வரிசை: 2004-ல் 2.5, 2014-ல் 2.2, 2024-ல் 1.97. சுகாதார அமைச்சின் குடும்பநல ஆய்வு வரிசை: 2011-ல் 2.6, 2018-ல் 2.38. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் சீரான இறக்கம். ஒன்றாகக் கோத்தால் 2014-ல் இறங்கி, 2018-ல் ஏறி, 2024-ல் மடமடவென்று விழுந்ததாக ஒரு கற்பனைக் கதை பிறக்கும்.

வறுமைக்கு இரண்டு அளவுகோல்கள், இரண்டும் எதிரெதிர்த் திசையில். கல்வி, சுகாதாரம், வீட்டு வசதியை வைத்துக் கணக்கிடும் பல்பரிமாண வறுமை 2014-ல் 11.9%, 2024-ல் 6.8%. செலவை வைத்துக் கணக்கிடும் பண வறுமை 2019-ல் 1.7%, 2022-ல் 3.9%. முரண்பாடு இல்லை: விலைவாசி ஏறினால் வீட்டுக்கு வந்த மின்சாரமும் பள்ளிக்கூடமும் போய்விடாது, ஆனால் அடுப்பங்கரைச் செலவு உடனே கடிக்கும். 2019-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட நெருக்கடியைப் பற்றி எழுதுபவருக்குப் பண வறுமைதான் பொருத்தம்.

எழுத்தறிவுக்கு வயதைப் பாருங்கள். எழுத்தறிவின்மை 24.8% என்ற கணக்கெடுப்பு எண் 10 வயதுக்கு மேற்பட்டோருக்கானது; யுனெஸ்கோ வரிசை 15 வயதிலிருந்து தொடங்கும். பள்ளி போகும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைக் கழித்தால் எழுத்தறியாதோர் விகிதம் இன்னும் கூடும்.