வகுப்புக்கு வலைப்பதிவு: வேர்ட்பிரஸை நம்பலாமா?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எழுத வைக்கத்தான் இதில் இறங்கினேன். இணையத்தில் தளமோ வலைப்பதிவோ தொடங்க உதவும் கூகுள் சைட்ஸ், பிளாகர், கடைசியில் வேர்ட்பிரஸ் என்று மூன்றிலும் கைவைத்துப் பார்த்தாயிற்று, இப்போது இருப்பது வேர்ட்பிரஸில்.

சைட்ஸைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை போட அதைவிடச் சுலபமான இடம் கிடையாது, அரை மணி நேரத்தில் தளம் தயார். ஆனால் பின்னூட்டப் பெட்டியே இல்லாததால் அது நோட்டீஸ் போர்டாகத்தான் இருக்கும்.

பிளாகர் 1999இல் வந்தது, 2003இல் கூகுள் கைக்குப் போனது. பழைய ஆள், பாவம், இன்னும் ஒழுங்காக ஓடுகிறது. வகுப்புக்கு எங்கே இடிக்கிறது என்றால், ஒருவரை எழுத்தாளராகச் சேர்த்துவிட்டால் அவர் எழுதியதை அவரே வெளியிட்டுவிடலாம், நடுவில் ஆசிரியர் பார்க்க வழியில்லை. "டேய், நாளைக்கு டெஸ்ட் இருக்கா?" என்று ஒரு பையன் போட்ட பதிவு ஒரு சாயங்காலம் முழுக்க எங்கள் முகப்பில் நின்றது. யோசிக்காமல் எல்லோரையும் சேர்த்தது என் தப்புதான்.

வேர்ட்பிரஸில் பங்களிப்பாளர் என்று ஒரு பொறுப்பு உண்டு. அதைக் கொடுத்தால் மாணவர் எழுதலாம், திருத்தலாம், ஆனால் வெளியிட முடியாது. பொத்தானை அழுத்தினால் பதிவு நம்மிடம் வந்து காத்திருக்கும். இந்த ஒன்றுக்காகவே நான் மாறினேன். அதைவிட எனக்குப் பிடித்தது பதிவின் பழைய வடிவங்களைப் பார்க்கும் வசதி: மேலே இருக்கும் பட்டையை இழுத்தால் எடுத்த வரி சிவப்பிலும் சேர்த்த வரி பச்சையிலும் தெரியும். ஒரு பெண் தன் கட்டுரையின் முதல் பத்தியை மட்டும் ஆறு முறை மாற்றியிருந்தாள், கடைசியில் முதல் வடிவத்துக்கே திரும்பி வந்திருந்தாள்! பரீட்சைத் தாளில் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

குறைகள் இல்லாமல் இல்லை. பங்களிப்பாளரால் வழக்கமான அமைப்பில் படம் ஏற்ற முடியாது, முப்பது பேர் படத்தையும் நாம்தான் ஏற்ற வேண்டும், கை ஒடிந்துவிடும். வெளியான பிறகு ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் மாணவரால் தொட முடியாது, அதற்கும் நாம்தான். வேர்ட்பிரஸ் தளத்தை நமக்காக நடத்தித் தரும் வேர்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வேறு வரும், பிள்ளைகள் எழுதியதற்குக் கீழே என்ன விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. இதெல்லாம் ஒத்துவராது என்றால், ஆசிரியர்களுக்காகவே வேர்ட்பிரஸ் மேல் கட்டிய எடுபிளாக்ஸ் இருக்கிறது, 2005லிருந்து ஓடுகிறது. பதிவையும் பின்னூட்டத்தையும் ஆசிரியர் பார்த்த பிறகே வெளியிடும் வசதி அதிலேயே உண்டு.

அப்புறம், எதில் தொடங்கினாலும் வருடக் கடைசியில் ஏற்றுமதி செய்து, அதாவது எழுதியதையெல்லாம் கோப்பாக இறக்கி, வையுங்கள். நான் முன்பு நம்பியிருந்த ஒரு சின்ன இலவச சேவை மூடப்பட்டபோது ஒரு வருட எழுத்து மொத்தமாகப் போனது. வேர்ட்பிரஸ் தரும் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் வரும், படங்களின் முகவரி மட்டும்தான் வரும், படங்கள் வராது. அவற்றைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும்.