புது வண்டியை சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டைப் படிக்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்

டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். ஜாப் கார்டு என்பது வண்டியை விடும்போது நம் புகாரை சர்வீஸ் சென்டர் பதிகிற தாள். ஷோரூம் பெயரும் கம்பெனி பெயரும் போடவில்லை. வழக்கு நடக்கிறது, வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

எங்களுடையது பெட்ரோல் வண்டி, சின்ன எஸ்யூவி, 7 கியர். ஷோரூம் விலையே 14 லட்சத்துக்கு மேல். முதல் சர்வீஸ் வருவதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும்போது, ஆழியாறு தாண்டியதும் முன்னால் ஒரு பஸ் ஊர்ந்து போனால் போதும். ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி ஒரு உலுக்கு உலுக்கும். கொஞ்ச நேரத்தில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்தவும் என்று திரையில் எச்சரிக்கை வரும். நிறுத்தாமல் ஓட்டினால் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இழுவை இருக்காது. 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோட்டில், வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துக்கொண்டு, பின்னால் லாரி ஹாரன் அடிக்க எங்கே ஓரம் கட்டுவது? அரை மணி நேரம் ஆறப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். மலையில்தான் இப்படி என்றால்கூடப் பொறுத்திருப்போம். கோவை காந்திபுரத்தில் சாயங்கால நெரிசலிலும் இதே கதை.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால்தான் அவர்கள் சொன்ன சமாதானங்கள் எப்படிப்பட்டவை என்று புரியும். இந்த வகை கியர்பாக்ஸில் இரண்டு கிளட்ச் இருக்கும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று. எங்கள் வண்டியில் இருப்பது எண்ணெயில் ஊறாத, உலர்ந்த கிளட்ச். மேட்டில் வண்டி ஊரும்போது கம்ப்யூட்டர் கிளட்சை முழுவதுமாகப் பிடிக்கவும் விடாமல் விலக்கவும் விடாமல் உரசவிட்டே நகர்த்தும். மேனுவல் வண்டியில் நாம் ஹாஃப் கிளட்சில் ஓட்டுவோமே, அதே வேலைதான். உரசினால் சூடு. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெயும் கிடையாது, காற்றுதான் ஆற்ற வேண்டும். எல்லை தாண்டினால் கம்ப்யூட்டர் கிளட்சைக் காப்பாற்ற இழுவையை வெட்டிவிடும். ஓரளவு சூடு இந்த வகையின் இயல்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எங்களுக்குப் பின்னாலேயே அதே ரோட்டில் ஏறி வந்தார். அவர் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

கோவையில் சர்வீஸ் சென்டர். காலையில் கொண்டுபோய் விட்டால் வண்டி ஆறி அடங்கி, காய்ச்சல் இறங்கின பிறகு டாக்டரிடம் கூட்டிப்போன பிள்ளை மாதிரி சமர்த்தாக நிற்கும். சர்வீஸ் அட்வைசர் காம்பவுண்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது சார்" என்பார். அடுத்த தடவை, "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டிருக்கோம், இனி வராதுங்க." அதற்கடுத்த தடவை, "எல்லா வண்டியும் இப்படித்தானுங்க சார்." ஒருநாள் ஃப்ளோர் இன்சார்ஜ் வந்து, "நீங்க கிளட்ச்சுல கால வெச்சுட்டே ஓட்டறீங்க போலீங்க" என்றார். வண்டியில் கிளட்ச் பெடலே கிடையாது! இதைச் சொன்னதும், "இல்லீங்க, டிரைவிங் ஸ்டைலச் சொன்னேன்" என்று நகர்ந்துவிட்டார்.

திரை இருண்டுபோவது, டிக்கியில் கடகடவென்று ஒரு சத்தம், இதெல்லாமும் உண்டு. அவற்றைக்கூட இரண்டாம் தடவையிலேயே சரிசெய்து கொடுத்தார்கள். அதனால் அதை விடுகிறேன்.

கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டால் உடனே டிக்கெட் எண் வரும். அவர்கள் அதை அதே ஷோரூமுக்கே அனுப்புவார்கள். ஷோரூம் "தீர்க்கப்பட்டது" என்று பதில் போடும், டிக்கெட் மூடப்பட்டதாக நமக்கு எஸ்எம்எஸ் வரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைத்தேன். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கம்பெனியிலிருந்து வந்தது பழைய பதிலேதான். இதற்கு நடுவில் ஷோரூமிலிருந்து ஒரு பெண் அழைத்து, "ஃபீட்பேக் கால் வருமுங்க சார், பத்துக்குப் பத்து போட்டுடுங்க, இல்லீன்னா எங்க இன்சென்டிவ் போயிரும்" என்பார். அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது.

விஷயமே இனிமேல்தான். சண்டை முற்றி, கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் வந்தார். லேப்டாப்பைத் திறந்து வண்டியின் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், கியர்பாக்ஸ் கம்ப்ளைண்ட்னு ரெக்கார்டுல ஒண்ணுமே இல்லீங்களே."

திரையைத் திருப்பிக் காட்டினார். நாங்கள் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி இருந்தது. "ஜெனரல் செக்கப்." "வாட்டர் வாஷ்." "சாஃப்ட்வேர் அப்டேட், வண்டி ஓகே." மலையில் நின்றது, எச்சரிக்கை வந்தது, இழுவை போனது எதுவும் இல்லை. நாம் கவுண்டரில் நின்று தொண்டை வற்றச் சொல்வது ஒன்று, அட்வைசர் கம்ப்யூட்டரில் தட்டுவது வேறொன்று. டெலிவரி எடுக்கும் அவசரத்தில் நீட்டுகிற தாளில் நம் கையெழுத்து வேறு இருக்கிறது, திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன் என்று. ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கான சான்று அவர்கள் கையில்தான் உருவாகிறது. அதை உருவாகாமலே பார்த்துக்கொள்கிறார்கள். இது சோம்பேறித்தனமா, வேண்டுமென்றே செய்வதா என்று கேட்டால், வாரண்டியில் செய்த வேலைக்கான பணத்தைக் கம்பெனியிடம் வாங்க ஷோரூம் படுகிற பாட்டைப் பார்த்தவரை, இரண்டும் கலந்தது என்றே நினைக்கிறேன்.

அதன் பிறகு ஜாப் கார்டு போடும்போது பக்கத்திலேயே நின்றேன். எந்த இடத்தில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த எச்சரிக்கை வந்தது, முன்பு எந்தத் தேதியில் இதே புகாருக்காக வண்டி வந்தது என்று நான் சொல்லச் சொல்லத் தட்டச் சொன்னேன். "சிஸ்டம்ல அவ்வளவு இடமில்லீங்க" என்றார் அட்வைசர். அப்படியானால் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், பேனாவில் எழுதிச் சீல் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இடம் வந்துவிட்டது. எடுக்கும்போது திருப்தித் தாளில் "குறை தீர்ந்ததா என்று மலையில் ஓட்டிப் பார்க்கவில்லை" என்று எழுதித்தான் கையெழுத்து. அன்று மாலையே அதைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு மெயில். எச்சரிக்கை வரும்போது கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மூல ஃபைலைப் போனிலிருந்து அழிக்காதீர்கள், வழக்கில் கேட்பார்கள். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழைக் குறியீடுகளைப் படிக்க, ஆன்லைனில் விற்கும் மலிவான ஸ்கேனரும் வாங்கிப் பார்த்தேன். இன்ஜின் குறியீடுகள் வந்தன, கியர்பாக்ஸ் குறியீடுகள் வரவில்லை. சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் அறிக்கையை, குறியீடுகளை அழிப்பதற்கு முன் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அழித்த பிறகு கேட்டால் வெறும் தாள்தான் வரும்.

இப்படிக் காகிதம் சேர ஆரம்பித்ததும் பேச்சு மாறியது. கிளட்ச் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். ஆனால் வாரண்டி வராதாம். 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற வாரண்டியின் உள்பக்கத்தில் பிரேக் பேட், வைப்பர், கிளட்ச் தட்டு எல்லாம் தேய்மானப் பொருள் என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரே இயக்குகிற, நம் கால் படாத கிளட்ச்சுக்கும் அதே விதியாம்.

வக்கீல் முதலிலேயே கசப்பானதைச் சொல்லிவிட்டார். அமெரிக்க மாநிலங்களிலும், 2012 முதல் சிங்கப்பூரிலும் இருக்கிற மாதிரி குறையுள்ள புது வண்டிக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பாகத்தை மாற்றினாலே குறை தீரும் என்றால் முழு வண்டியையும் மாற்றித்தரச் சொல்ல வேண்டியதில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே குறை உற்பத்தியிலேயே இருக்கிறது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், அடுத்த சர்வீஸில் பார்க்கலாம் என்று அவர்கள் தள்ளிக்கொண்டே போவதில் இந்தக் கெடுவும் ஓடிவிடும். ஷோரூமையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்தரப்பாகப் போடுங்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுத் தப்பப் பார்ப்பார்கள். வண்டியைக் கடை பெயரிலோ கம்பெனி பெயரிலோ பதிந்திருந்தால், வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நுகர்வோரே இல்லை என்று முதல் வாதமே அதுவாக இருக்கும்.

வண்டியை நிபுணரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று மனு போட்டோம், ஆணையம் ஏற்றுக்கொண்டது. கட்டணத்தை இப்போதைக்கு நாங்கள்தான் கட்டியிருக்கிறோம். சோதனையை வால்பாறை ரோட்டில், வண்டி நிறைய ஆள் ஏற்றிச் செய்ய வேண்டும் என்கிறோம். அவர்கள் தரப்பு சர்வீஸ் சென்டர் வளாகத்திலேயே பார்த்தால் போதும் என்கிறது. அதற்கான உத்தரவு அடுத்த வாய்தாவில் வரும்.