மூன்று வரிசை வண்டியில் எந்த ரேடாருக்கும் எந்தக் கேமராவுக்கும் பணம் கொடுக்கலாம்?

பெங்களூரில் ஏழு சீட்டு வண்டி பார்க்கப் போனால், ஷோரூமில் முதலில் காட்டுவது ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதைத்தான். சில்க் போர்டு, டின் ஃபேக்டரி போன்ற நெரிசல் சந்திப்புகளில் அதற்கு வேலையே இல்லை. லேன் கோடு அழிந்திருக்கும், இருக்கும் கோட்டின் மேலேயே ஆட்டோ ஓடும். இந்த ஊரில் அன்றாடம் கை கொடுப்பது பின் பம்பரின் இரு மூலைக்குள் மறைந்திருக்கும் ரேடாரும், சைடு மிரருக்குக் கீழே இருக்கும் கேமராவும். டாடா சஃபாரி, ஹூண்டாய் அல்காசர், மஹிந்திரா எக்ஸ்யுவி700 (2026-ல் இதன் இடத்துக்கு எக்ஸ்யுவி 7எக்ஸ்ஓ வந்தது) மூன்றையும் அந்தக் கணக்கில்தான் இங்கே எடை போடுகிறோம்.

மூன்றிலும் முன்பக்க அமைப்பு ஒன்றுதான்: கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா, முன் பம்பரில் ஒரு ரேடார். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டும் அடாப்டிவ் க்ரூஸ், மோதப் போகிறது என்று எச்சரித்துத் தானே பிரேக் போடுவது, லேனை விட்டு விலகினால் சொல்வது எல்லாம் இந்த இரண்டையும் நம்பி இருக்கின்றன. வித்தியாசம் பின்பக்கத்தில்தான். 2023 அக்டோபரில் புதுப்பித்து வந்த சஃபாரியிலும், 2024 செப்டம்பரில் வந்த புது அல்காசரிலும் மேல் வேரியன்ட்களில் பின் மூலை ரேடார் உண்டு. எக்ஸ்யுவி700-ல் அது கிடையாது. இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க மிரர் கேமராவின் படத்தை மீட்டர் திரையில் காட்டும், அவ்வளவுதான். அதுவும் 360 டிகிரி கேமராவும் ஏஎக்ஸ்7-க்கு மேலான ஏஎக்ஸ்7எல் வேரியன்ட்டில்தான் வந்தன. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் 'ஏஎக்ஸ்7' என்று மட்டும் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

ரேடாருக்கும் கேமரா படத்துக்கும் என்ன வேறுபாடு என்றால், ரேடார் நம்மைக் கூப்பிடும். கேமரா படத்தை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அபார்ட்மென்டில் இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது, பக்கத்திலிருந்து வரும் டெலிவரி பைக்கை பின் கேமரா கடைசி நொடியில்தான் காட்டும். மூலை ரேடார் அதற்கு முன்பே பீப் அடித்துவிடும். கதவைத் திறக்கும்போது எச்சரிப்பதும் இதே ரேடார்தான். ஸ்கூல் வாசலில் சாலைப் பக்கக் கதவைப் பிள்ளை திறக்கிற நேரத்தில் பின்னால் ஸ்கூட்டர் வந்தால் சத்தம் கேட்கும். குடும்ப வண்டியில் இந்த ஒன்றுக்கே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆனால் ப்ளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை, அதாவது மிரரில் தெரியாத இடத்தில் வரும் வண்டியை அதே மூலை ரேடார் சொல்வது, நம் வண்டி ஓரளவு வேகம் எடுத்த பிறகுதான் வேலை செய்யும். ஊர்ந்து போகும் நெரிசலில் இடது பக்கம் நுழையும் பைக்கைப் பற்றி அது வாயே திறக்காது. அந்த நேரத்தில் உதவுவது மிரர் கேமரா படம். இந்த இடத்தில் எக்ஸ்யுவி700 நன்றாகத்தான் செய்கிறது. அல்காசரில் ரேடார், மீட்டரில் வரும் கேமரா படம் இரண்டும் சேர்ந்திருப்பதால் ஊருக்குள் ஓட்ட அதுதான் முதலிடம். மழையில் மட்டும் கவனம் வேண்டும். மிரருக்கு அடியில் ஒரு துளி நின்றாலே படம் கலங்கிவிடும். கண்ணாடி துடைக்கும் துணி ஒன்றைக் கதவிலேயே வைத்துக்கொள்ளலாம்.

360 டிகிரி கேமராவை நம்புவதற்கும் ஓர் அளவு உண்டு. முன்னே ஒன்று, பின்னே ஒன்று, மிரர்களில் இரண்டு என நான்கு படங்களை ஒட்டித்தான் மேலிருந்து பார்ப்பது போலக் காட்டுகிறார்கள். ஒட்டும் இடம் வண்டியின் நான்கு மூலைகளில் வரும். பேஸ்மென்ட் தூணில் உரசுவதும் அதே மூலைதான். திரையில் தூணின் அடி மட்டும் தெரியும், இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பைப் தெரியாது. சஃபாரியின் அகலம் 1922 மி.மீ., எக்ஸ்யுவி700 1890, அல்காசர் 1800. ஸ்டில்ட் பார்க்கிங்கில் தூணுக்குத் தூண் இடம் குறைவாக இருந்தால், எந்தக் கேமராவையும் விட இந்த 12 செ.மீ. வித்தியாசம் பெரிய உதவி. டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் பேஸ்மென்டுக்கே கொண்டு வரச் சொல்லி, அதே ஸ்லாட்டில் விளக்கு குறைந்த நேரத்தில் நிறுத்திப் பாருங்கள். மிரரை மடக்கினால் பக்கவாட்டுப் படம் என்ன ஆகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நெடுஞ்சாலைக் கதை வேறு. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று மாதம் இரண்டு முறை போகிறவர்களுக்கு அடாப்டிவ் க்ரூஸ் உண்மையிலேயே களைப்பைக் குறைக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியில்தான் அது முழுதாக நிறுத்தி மறுபடி கிளப்பும். மேனுவலில் வேகம் குறைந்ததும் பொறுப்பு நம் காலுக்கே வந்துவிடும். இடைவெளியை மிகக் குறைவாக வைத்தாலும் நடுவில் ஒரு பஸ் நுழையும், வண்டி சட்டென்று பிரேக் பிடிக்கும், பின்னால் வருகிறவர் அதை எதிர்பார்க்க மாட்டார். அதனால் போக்குவரத்து அடர்த்தியான ஓசூர் வரை அதைப் போடாமல் ஓட்டுவது நல்லது. இன்னொன்று முக்கியம்: ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியை அந்த க்ரூஸ் கண்டுகொள்ளும் என்று எண்ணவே கூடாது. அசையாத பொருளை ரேடார் பாலம், போர்டு போன்றவற்றோடு சேர்த்து ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் க்ரூஸை அணைத்துவிட்டு, கியரைக் குறைத்துக் காலால் ஓட்டுங்கள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பி வண்டியைக் கோட்டுக்குள் வைக்கும் லேன் கீப் வசதி மூன்றிலும் உண்டு. ஆனால் 2023 சஃபாரி லேன் விலகலை எச்சரிக்க மட்டும் செய்தது, ஸ்டீயரிங்கைத் திருப்பும் வசதி பிறகுதான் சேர்ந்தது. எந்த மாதத் தயாரிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் கோடு தெளிவாக இருப்பதால் லேன் கீப் ஒழுங்காக ஓடும். சாலை வேலை நடக்கும் இடத்தில் பழைய கோடு, புதுக் கோடு இரண்டும் தெரிந்தால் தவறான பக்கம் இழுக்கும். டெஸ்ட் டிரைவில் அதை ஆஃப் செய்து, வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து, தானாக ஆன் ஆகிறதா என்று பாருங்கள். தினமும் நகரத்தில் ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பட்ஜெட் இன்னும் மேலே போகுமானால் டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸின் உச்ச வேரியன்ட்டில் பின் மூலை ரேடார் உண்டு, மூன்றாம் வரிசையும் இந்த மூன்றையும் விட வசதி. நீளம் 4755 மி.மீ. என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு கெடுவது பெரும்பாலும் நம் கையால்தான். ஃபாஸ்டேகை வழக்கமாக ரியர்வியூ மிரருக்குப் பின்னால் ஒட்டுவார்கள், அங்கேதான் கேமராவும் இருக்கிறது. அதன் பார்வையிலிருந்து தள்ளி ஒட்டச் சொல்லுங்கள். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவைக் கேலிப்ரேட் செய்தே ஆக வேண்டும், அதாவது அதன் பார்வைக் கோணத்தைச் சரிபார்த்து அமைக்க வேண்டும். வெளியே கண்ணாடி போடும் பல கடைகளில் அதற்கான பலகையும் ஸ்கேனரும் இருக்காது, பில்லில் 'கேலிப்ரேஷன்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பின் பம்பர் மூலை அடிபட்டு, பட்டி பூசி, மெட்டாலிக் பெயின்ட் கனமாக அடித்தால் உள்ளே இருக்கும் ரேடாரின் பார்வை மங்கும். அந்த மூலைக்குப் புது பம்பர்தான் சரி. வீல் அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் ஆங்கிள் சென்சாரை ரீசெட் செய்தார்களா என்று கேளுங்கள். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, கேமராவும் ஹெட்லைட்டும் சற்று மேலே பார்க்கும். கம்பெனி சொன்ன முழு லோடு காற்றழுத்தம் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், கிளம்பும் முன் அதை நிரப்புங்கள்.

ஆயுத பூஜையன்று முன்பக்க பம்பரில் கட்டும் வாழைக்கன்றும் மாலையும் ரேடாரை மறைக்கும். கேமரா லென்ஸ் மேல் சந்தனம் காய்ந்தால் துடைப்பது கஷ்டம், கீறலும் விழும். பூஜை முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன் மாலையைப் பானெட்டுக்கு ஏற்றிக் கட்டுங்கள், பொட்டை பானெட்டின் வெறும் தகட்டில் வையுங்கள்.