வேட்டித் துணி முதல் சொட்டு மருந்து வரை: பல் முளைக்கும் காலத்துக்கென்று வாங்கியவையும் வைத்துக்கொண்டவையும்

என் மகளுக்கு ஐந்தரை மாதம் நடந்துகொண்டிருந்தபோது எச்சில் வடியத் தொடங்கியது. இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. வாயில் எட்டுப் பற்கள் இருக்கின்றன, கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஈற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இதற்கிடையில் பல்லுக்கென்று வீட்டுக்கு வந்து சேர்ந்த பொருள்களைச் சென்ற வாரம் வரிசையாகப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். குழந்தை கடிப்பதற்கான சிலிக்கான் டீத்தர் இரண்டு வகை, தண்ணீர் அடைத்த வளையம், வேப்பமரக் கடிப்பான், பழம் வைத்துக் கொடுக்கும் நிப்பிள், ஈற்றை மரத்துப்போகச் செய்யும் ஜெல், ஹோமியோபதி மாத்திரைப் புட்டி, பாராசிட்டமால் சொட்டு மருந்து, என் மாமியார் கொண்டுவந்த உரை மருந்துப் பை என்று எல்லாமாகச் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் செலவாகியிருக்கிறது. இவற்றில் இன்று புழக்கத்தில் இருப்பவை இரண்டே இரண்டு. மூன்றாவதாகப் புழங்குவது காசு கொடுத்து வாங்காத பழைய வேட்டித் துணி.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்தை ஒட்டிக் கீழ் முன்பற்கள் இரண்டும் முதலில் வருகின்றன. சிலருக்கு நான்காம் மாதத்திலேயே வரும், சிலருக்கு ஒரு வயது வரை வராது. இருபது பால் பற்களும் முளைத்து முடிய ஏறக்குறைய மூன்று வயதாகிவிடும். ஆனால் இத்தனை காலமும் குழந்தை வலியில் இருப்பதில்லை. அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை நாள்தோறும் கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பல் வெளியே வருவதற்கு முந்தைய நான்கு நாள், வெளிவரும் நாள், அதற்குப் பிந்தைய மூன்று நாள் ஆகிய எட்டு நாட்களில்தான் கடித்தல், எச்சில், சிணுங்கல், ஈற்றைத் தேய்த்தல் போன்றவை கூடுதலாக இருந்தன என்று கண்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று, நான்கு இரவுகள் கெட்டன, பிறகு அடங்கிவிட்டன. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு நாளில் தானாக அடங்கும் ஒன்றுக்கு மூன்றாம் நாள் எதைக் கொடுத்தாலும் அது அற்புதமாக வேலை செய்ததைப் போலத்தான் தோன்றும். பல்லுக்கான பொருள்களைப் பாராட்டும் பலரும், நான் உட்பட, இதில் ஏமாந்திருக்கிறோம்.

முதலில் சிலிக்கான் டீத்தர். நான் வாங்கியவற்றில் ஒன்று பொம்மை முகத்தோடு பருமனாகவும் மற்றொன்று மெல்லிய வளையப் பிடியோடும் இருந்தன. பருமனானதை ஆறு மாதக் குழந்தையின் கை பற்றவே இல்லை. பார்க்க அழகாக இருந்ததைத் தவிர அதனால் வேறு பயனில்லை. மெல்லிய பிடியுள்ளது 180 ரூபாய். ஒட்டும் இணைப்பும் இல்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டது, கொதிநீரில் ஐந்து நிமிடம் கிடந்தாலும் வடிவம் மாறாதது. முன்பற்கள் வரும்போது இதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்பேன். ஒரேயொரு குறை, அது தரையில் விழுந்தால் முடி, பஞ்சு, பாய்த்தூசு எல்லாவற்றையும் காந்தம்போல இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது. குழந்தையின் கையிலிருந்து அது ஒரு நாளைக்கு இருபது முறையாவது விழும்.

இந்தக் குறையை நான் சிறியதாக நினைத்ததற்கு விலை கொடுத்தேன். எட்டாம் மாதத்தில் மகளுக்கு நாளுக்கு ஏழெட்டு முறை தண்ணீராகப் போகத் தொடங்கியது. "பல்லு வரப்போவுதும்மா, அதான் பேதியாகுது, ரெண்டு நாள்ல நின்னுடும்" என்றார் அத்தை. என் அம்மாவும் தொலைபேசியில் அதையே சொன்னார். இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் வெப்பமானி 38.6 டிகிரி செல்சியஸ் காட்டியது, காலையிலிருந்து டயப்பர் நனையவில்லை. மருத்துவர் ஈற்றைப் பார்ப்பதற்கு முன்பே, குழந்தை கடிக்கும் பொருளை எப்படிக் கழுவுகிறீர்கள் என்றுதான் கேட்டார். கீழே விழுந்தால் குழாய்த் தண்ணீரில் அலசிக் கொடுக்கிறேன் என்றேன். பல் முளைக்கத் தொடங்கும் அதே வயதில்தான் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது, அதே வயதில்தான் குழந்தை தவழ்ந்து கண்டதையும் வாயில் வைக்கிறது, ஆகவே பேதியும் பல்லும் ஒரே சமயத்தில் வருகின்றனவே தவிர, ஒன்றினால் மற்றொன்று வருவதில்லை என்று அவர் விளக்கினார். ஓ.ஆர்.எஸ். கரைசலும், பதினான்கு நாட்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகமும் கொடுத்தோம், பேதி நின்றது. முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டிய கரைசலை மூன்றாம் நாள் தொடங்கியதற்கு "பல்லு" என்ற சொல் மட்டுமே காரணம். 38 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சலும் தொடர்ந்த பேதியும் பல்லின் கணக்கில் எழுதக்கூடாதவை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். டீத்தர் இப்போது நான்காக இருக்கிறது. விழுந்தது சோப்புத் தண்ணீருக்குப் போகும், மூடிய டப்பாவிலிருந்து அடுத்தது வரும்.

தண்ணீர் அடைத்த வளையத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபிரிட்ஜில் வைத்துக் கொடுத்தால் குளிர்ச்சி அரை மணி நேரம் நிற்கிறது, குழந்தைக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஒன்பதாம் மாதத்தில் மேல் முன்பற்கள் வந்த பிறகு அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, உள்ளிருந்த நீர் அவள் தாடையில் வழிந்தது. அது என்ன நீர், எத்தனை நாளாக உள்ளே இருந்தது என்று உறையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அன்றே குப்பைக்குப் போயிற்று. கடிப்பதற்கென்றே செய்த பொருள் கடித்தால் ஓட்டையாகும் என்றால் அதை என்னவென்று சொல்வது! யாராவது வாங்கினால் ஃப்ரீசரில் மட்டும் வைக்க வேண்டாம். கல்லாக உறைந்த வளையம் ஈற்றைப் புண்ணாக்கிவிடும்.

வேப்பமரக் கடிப்பான் 320 ரூபாய். வழவழப்பாக இழைக்கப்பட்டு, சாயமோ மெருகோ இல்லாமல், கையில் எடுத்தால் எடையே தெரியாததாக இருந்தது. முதல் இரண்டு வாரம் இதையே எல்லாருக்கும் பரிந்துரைத்தேன். மரத்தைக் கொதிக்க வைக்க முடியாது, ஊற வைக்கவும் முடியாது. ஈரத்துணியால் துடைத்து உலர்த்தித்தான் வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் அது உலரவே இல்லை. ஒரு மாதத்துக்குள் ஓரத்தில் நார் எழும்பியது, விரலால் தடவினால் சிராய்ப்பு தட்டுப்பட்டது. இயற்கைப் பொருள் என்பது கழுவ வராத பொருளாக இருந்தால் பல் முளைக்கும் குழந்தைக்கு அது உதவாது. பழ நிப்பிளும் வலையாக இருந்தவரை இதே கதைதான், வாழைப்பழம் வலைக்கண்ணில் கறுத்து ஒட்டிக்கொண்டு எந்தப் பிரஷுக்கும் வரவில்லை. துளையிட்ட சிலிக்கான் மூடி உள்ள வகை பரவாயில்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு அதில் குளிர்ந்த பப்பாளித் துண்டு வைத்துக் கொடுத்தால் கால் மணி நேர அமைதி கிடைக்கும்.

வேட்டித் துணிக்கு வருகிறேன். என் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி, இருபது வருடம் துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல ஆகிவிட்டது. அதை உள்ளங்கையகலச் சதுரங்களாக வெட்டி, நூல் பிரிந்து தொண்டைக்குள் போகாதபடி நான்கு ஓரமும் மடித்துத் தைத்து, கொதிநீரில் போட்டு எடுத்து வைத்துக்கொண்டோம். ஆறவைத்த நீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு மூலையை முடிச்சிட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருபது நிமிடம் வைத்தால் போதும். முடிச்சை ஈற்றில் வைத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு 'கர்க், கர்க்' என்று அரைப்பாள். அழுகை ஒரு நிமிடத்தில் அடங்கும். இரவில் அதுவும் வேண்டாம் என்றால் நகம் வெட்டிய, சோப்புப் போட்டுக் கழுவிய ஆள்காட்டி விரலால் ஈற்றை வட்டமாக அழுத்தித் தேய்ப்பேன். எச்சில் பட்டுத் தாடை சிவந்ததற்குத் தூங்கும் முன் தடவிய தேங்காய் எண்ணெய் எந்தக் களிம்புக்கும் குறைவில்லாமல் கேட்டது.

இதுவரை சொன்னவை வாயில் வைத்து எடுப்பவை. வயிற்றுக்குள் போகிறவற்றை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்காமலே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சிறிய எழுத்தைப் படித்தபோது அதில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினும், ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த கோலின் சாலிசிலேட்டும் இருந்தன. லிடோகெயின் கரைசலைப் பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-இல் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை, அதாவது மருந்து உறையில் இடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, இட்டது. அளவு மீறினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம். பென்சோகெயின் என்ற மற்றொரு மரப்பு மருந்து கலந்த வகையை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதை 2018-இல் நிறுத்தச் சொன்னது, ஏனென்றால் அது இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடக்கூடும். சாலிசிலேட் ஜெல்லைப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்று பிரிட்டன் 2009-இலேயே சொல்லிவிட்டது. இத்தனை ஆபத்தையும் தாண்டிப் பலனாவது உண்டா என்றால், தடவிய ஜெல்லை எச்சில் சில நிமிடத்தில் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. திறக்காமலே எறிந்தேன்.

ஹோமியோபதிப் புட்டி நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பி.சி. 21 (பயோகாம்பினேஷன் 21). மாத்திரை லாக்டோஸ் இனிப்பில் கரைகிறது, குழந்தை அதை விரும்பிச் சப்பினாள்; அந்த இனிப்பைத் தவிர வேறு விளைவை நான் காணவில்லை. இது தீங்கு செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் பல்லுக்கென்று தனியாகச் செய்த மருந்துகளின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. பிரிட்டனில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று பாதரச உப்பான கலோமல் கலந்த பொடிகள் 1954 வரை விற்பனையில் இருந்தன. கைகால் சிவந்து தோல் உரிந்து குழந்தைகள் அவதிப்பட்ட நோய்க்கு அந்தப் பாதரசமே காரணம் என்று தெரிந்த பிறகுதான் அவை நீக்கப்பட்டன. நைஜீரியாவில் 2008-இல் 'மை பிக்கின்' என்ற பல் மருந்துத் திரவத்தில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்துபோய் எண்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். 2017-இல் அமெரிக்காவில் சில ஹோமியோபதிப் பல் மாத்திரைகளில் பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறுபட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நான்கு நாள் சிணுங்கலுக்கு இவ்வளவு எதற்கு?

அத்தையின் உரை மருந்துப் பையை மதிப்பிடுவது எனக்குக் கடினமாக இருந்தது, அவர் அன்போடு கொண்டுவந்தது. உள்ளே வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, கூடவே ஒரு சிறு பொட்டலத்தில் பொரித்த வெங்காரம் (போராக்ஸ்). வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றே நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் அமெரிக்கா 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பு வளையலையும் கழற்றினோம், அவள் அதைத்தான் முதலில் கடித்தாள். ஆனால் நான் உறுதியாக மறுத்தது வெங்காரத்தைத் தேனில் குழைத்து ஈற்றில் தடவுவதை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வெங்காரம் அதைவிட மோசம்: தேனும் வெங்காரமும் கலந்த திரவத்தில் நிப்பிளைத் தோய்த்துக் கொடுத்த ஏழு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983-இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். "நாங்கல்லாம் இதத் தின்னுதான வளந்தோம்" என்றார் அத்தை. "இருக்கட்டும் அத்தை, இவளுக்கு வேட்டித் துணி போதும்" என்றேன். இரண்டு நாள் பேச்சு குறைவாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இரவு துணியை நனைத்து எடுத்துவந்தது அவர்தான். கிராம்பு எண்ணெயையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். பெரியவர்களின் பல்வலிக்குச் சரி, குழந்தை விழுங்கினால் கல்லீரலைக் கெடுக்கும்.

கடைசியாகப் பாராசிட்டமால். துணியும் விரலும் கேட்காத இரவுகள் எட்டு மாதத்தில் மூன்று வந்தன. அந்த மூன்றிலும் இதுதான் அரை மணி, முக்கால் மணியில் தூங்க வைத்தது. விலை மிகக் குறைவு, பலன் நிச்சயம். ஆபத்து அளவில்தான் இருக்கிறது. எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளை அளவு. ஏழு கிலோக் குழந்தைக்கு 70 முதல் 105 வரை. சொட்டு மருந்துப் புட்டியில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருப்பதால் ஏறக்குறைய ஒரு மில்லியில் முடிந்துவிடும். சிரப்பிலோ ஐந்து மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம்தான். சிரப்புக்குச் சொன்ன நான்கு மில்லியைச் சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து எடுத்தால் ஒரே வேளையில் 400 மில்லிகிராம் உள்ளே போய்விடும். என் புட்டியின் மேல் 'சொட்டு, 0.8 மி.லி.' என்று மருத்துவர் சொன்ன அளவை மார்க்கரால் எழுதி, அதற்குரிய பிப்பெட்டை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியே வைத்திருக்கிறேன். எடை கூடக்கூட எண்ணை அழித்து எழுதுகிறேன். ஆஸ்பிரினைக் குழந்தைக்கு நினைக்கவே கூடாது.

இப்போது கடைவாய்ப் பல்லுக்கு அந்த 180 ரூபாய் டீத்தர் எட்டவில்லை. முனை அவ்வளவு உள்ளே போவதில்லை, தள்ளினால் குமட்டுகிறாள். துணியின் முடிச்சு எட்டுகிறது. வேட்டியில் இன்னும் இரண்டு முழம் மிச்சம் இருக்கிறது.